எந்தக் காத்து?

திரேஸ்புரத்தில் ஒரு கிளினிக்கில் இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸாக இருக்கிறாள் பிளாரன்ஸ். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நேரத்துக்குள் வாசலைக் கூட்டிவிட்டு வந்த காலத்திலிருந்தே அப்படி. "ஒக்காந்தா இவளுக்கு முள்ளு குத்தும்" என்பார் அவள் புருஷன். அந்தச் சனிக்கிழமை நின்றாலும் குத்தியது.

காதுவலி என்று வந்த இன்னாசி பெஞ்சிலிருந்து சரிந்தான். கை கால் இழுத்துக்கொண்டது. வலிப்பு. சங்கு குளிக்கிறவன் அவன். படகில் ஓடும் கம்ப்ரசரின் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போகிறவன். தெளிந்ததும் விசாரித்ததில், இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. இனி கடலில் இறங்கவே கூடாது என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். பிளாரன்ஸிடம், "இது வெளிய போகக் கூடாது சிஸ்டர்" என்றார்.

வாசலில் இன்னாசியும் அதையே கேட்டான்.

"தங்கச்சிக்கு நிச்சயம் வச்சிருக்கு அக்கா. வலிப்புக் குடும்பம்னு பேராயிட்டா போச்சு."

"அப்ப கடலுக்குப் போவாத."

"போவலன்னா ஏன்னு கேப்பாங்கள்லா? மாத்திரையத்தான் முழுங்குதேனே. திங்கக்கிழமை போயித்தான் ஆவணும்."

ஞாயிறு பூசையில் பாதி அவள் காதில் ஏறவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். சொன்னால் நம்பி வந்தவனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தாள். படகின் சொந்தக்காரர் தொம்மை அண்ணாச்சி கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னளா, மீனு வாங்க வந்தியா?"

"ஒமக்கு ஊசி போட வந்தேன்" என்றாள். சிரித்தார். "அண்ணாச்சி, இன்னாசிக்குக் காத்து பட்டிருக்கு. கொஞ்ச நாளு கீழ இறக்காதிய."

அந்தப் பக்கத்தில் காத்து என்றால் இரண்டு. குழாயில் கெட்ட காற்று வந்து தலை சுற்றினாலும் காத்துதான், பேய் பிசாசு அண்டினாலும் காத்துதான். பிளாரன்ஸ் சொன்னது முதலாவதை. பொய்தான், ஆனாலும் வலிப்பு என்ற சொல் வாயில் வரவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தொம்மையும் அப்படியே எடுத்துக்கொண்டார். "குழாக் காத்துல எண்ணெ வாடை அடிக்குன்னு அவனும் சொன்னான். சரி, நாளைக்குச் சூசை இறங்கட்டும். இன்னாசி மேல இருந்து அவன் கயிறப் பாக்கட்டும்."

பாரம் இறங்கினாற்போல் திரும்பியவள், ஐஸ் கம்பெனி முக்கில் நின்றுவிட்டாள். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். மேலே இருப்பவன் வலிப்பு வந்து கிடந்தால்? சூசை வேறு யாருமில்லை, இன்னாசியின் பெண்டாட்டி ஸ்டெபியின் தம்பி.

நேரே இன்னாசி வீட்டுக்குப் போய் அவனை வெளியே கூப்பிட்டாள்.

"ஒனக்குக் காத்துன்னு அண்ணாச்சிட்ட சொல்லிட்டு வந்தேன். நாளைக்கு ஒன் கையில சூசை கயிறு. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"டாக்டர் என்ன சொன்னாரு, அக்கா? வெளிய சொல்லக் கூடாதுன்னுதான?"

"ஒன் உசுரு மட்டும்னா காத்துன்னு சொன்னதோட நிறுத்திருப்பேன். இது அவன் உசுருலே."

உள்ளே ஸ்டெபி தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னாசி சட்டையை எடுத்து மாட்டினான். பித்தானை மாற்றிப் போட்டிருந்தான்; அவள் சொல்லவில்லை.

தொம்மையிடம் அவனே சொன்னான். கேட்டு முடித்த தொம்மை, பிளாரன்ஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதாளா ஒன் காத்து?"

அவள் மணலைப் பார்த்தாள்.

"கரையில சங்கு கழுவுலே" என்றார் இன்னாசியிடம். "ஊருல கேட்டா காத்துதான். எம் வாயிலேருந்து வேற வராது."

மறு வாரம் ஏஞ்சலின் கிளினிக்குக்கு வந்தாள். இன்னாசியின் தங்கச்சிக்கு மாமியாராகப் போகிறவள். பிளாரன்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் பார்க்கக் காற்றடித்தாள்.

"இன்னாசி கடலுக்குப் போவலையாமே? காத்துங்காவ."

"ம்."

"எந்தக் காத்து?"

"பேசாதிய மதினி, பிரஷர் ஏறிரும்." குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கை நோவுதுளா, விடு."

திருகைத் தளர்த்தினாள். காற்று மெல்ல இறங்கியது. ஏஞ்சலின் விடவில்லை. "கேட்டதுக்குச் சொல்லலியே?"

"அத இன்னாசிட்ட கேளுங்க மதினி."

"சொல்லுவானா?"

பிளாரன்ஸ் பட்டையைச் சுருட்டினாள். சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி சுருட்டினாள்.