பிரேக் குழாயில் மஞ்சள் டேப்

எங்கள் வீட்டில் "ரிஜெக்ட்" என்ற சொல்லுக்கு நான்தான் சொந்தக்காரி. ஓசூர் சிப்காட்டில் கிளட்ச் செய்கிற தொழிற்சாலை ஒன்றில், வாரண்டியில் திரும்பி வருகிற கிளட்சுகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. தப்பு எங்களுடையதா, ஓட்டினவருடையதா என்று நான் சொல்ல வேண்டும். இன்ஜின் பவரை ஏற்றி ஓட்டின வண்டி என்றால் தட்டு நீலம் பாரித்துப்போய் வரும். பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். "கஸ்டமர் மாடிஃபிகேஷன், ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அந்த வாய் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. உப்பு தூக்கலாகிப்போன சாம்பார் ரிஜெக்ட், என் கணவர் ஆசையாக எடுத்துவந்த திரைச்சீலை ரிஜெக்ட். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு சூளகிரி தாண்டி ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை. எதையும் கழற்றி மாட்டிவிடுகிற கை. வீட்டுக்கு ஆள் கூப்பிட்டு வேலை வாங்குவது அவருக்கு மானப் பிரச்சினை. கேஸ் டியூப், வாஷிங்மெஷின் பைப், பாத்ரூம் கீசரின் வயர் எல்லாம் அவர் கைவேலைதான். முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துவிடுவார். "பொட்டு வெச்சாச்சா?" என்று கேலி செய்வேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். புதிது வாங்க நமக்கு எங்கே முடியும்? பெங்களூரில் ஒரு பையன் இரண்டு கதவு வண்டி ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். சிவப்பு வண்டி, தரையோடு தரையாக. கம்பெனி வாரண்டி இன்னும் மிச்சமிருந்தது, எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். "ஏனூ மாட்ஸில்ல மேடம்" என்று அந்தப் பையன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். எதையும் மாற்றவில்லையாம். நான் விடுவேனா? புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து சைலன்ஸரைப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்து கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தேன். சுத்தமான வண்டி. வாங்கிவிட்டோம்.

எல்லை தாண்டி ஜூஜுவாடிக்குள் நுழையும்போதே அவருக்கு வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டேன்.

"இதோ பாருங்க, இதுல ஒரு ஸ்க்ரூவை வெளியில மாத்தினாக்கூட வாரண்டிக்காரன் கைய விரிச்சுடுவான். நான் தினமும் பாக்கறவ, சொல்றேன்."

"செரி, செரி. உன்ன மீறி என்ன பண்ணப்போறேன்" என்றார்.

பிறகு ஒருநாள் டேஷ்போர்டின் ஓரத்தில் வட்டமாகச் சின்ன மீட்டர் ஒன்று முளைத்திருந்தது. என்னவென்று கேட்டேன். பேட்டரி அளவு காட்டுகிற மீட்டர், சும்மா ஒட்டி வைத்தது என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த வண்டியில் நான் ஏறுவதே எப்போதாவதுதான். அதில் ஏறி இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அப்படி ஏறின ஒருநாள், பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்திப்பள்ளி தாண்டியதும் முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. கடைசியில் ஒரு கண்டெய்னர் லாரி. இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. லாரியின் பின்பக்கத்து இரும்புக் கட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. இவர் சீட்டிலிருந்து எழுந்து, அந்த மிதியின் மேலேயே நிற்பதுபோல் அழுத்தினார். லாரியில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் கண்ணாடி முழுக்க வந்தபிறகு வண்டி நின்றது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பெடல் கொஞ்சம் கல்லாட்டம் ஆயிடுச்சு, அவ்ளோதான்" என்றார். இன்னும் அந்த மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அவ்வளவுதானாம்!

மறுநாளே கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கேதான் மனிதர் முரண்டு பிடித்தார்.

"அந்தப் பெங்களூர்ப் பையன் உள்ள கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் மாத்தியிருந்தா? அது அடியில படுத்துப் பாத்தா தெரியுமா? சர்வீஸ்ல மாட்டினா கண்டுபுடிச்சிடுவாங்க. அப்புறம் இன்ஜினுக்கும் சேத்து வாரண்டி போவும். கொஞ்சம் பொறு, நானே பாத்துக்கறேன்."

எனக்கு ஐயோ என்றாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பவரை ஏற்றின வண்டிகளின் கிளட்ச் என் மேஜைக்குத் தினமும் வருகிறதே, நம்பாமல் எப்படி இருப்பேன்? அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். நாசமாப் போறவன், தலையில் கைவைத்துப் பொய் சொன்னானே என்று சாபமே விட்டேன். இவர் சோற்றைப் பிசைந்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. இவர் வேலைக்குப் போவது கிருஷ்ணகிரி ரோட்டில். அந்த ரோடு பூராவும் லாரி. சூளகிரிப் பக்கம் பள்ளமும் மேடுமாக இருக்கும். அவர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிற வரைக்கும் கிளட்சைப் பிரிக்க எனக்குக் கை ஓடாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போதும், அவருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுவேன். கடன் அட்டை விற்கிற பெண் ஒருத்தி "வணக்கம் மேடம்" என்றதும் நான் அழுதுவிட்டேன். அவள் பாவம், பயந்துபோய் வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவர் அசட்டுத் துணிச்சல்காரர் இல்லை. நான் குளிக்கப் போனால் போதும், வெளியே நின்று "கீசர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுக் குளி, ஆஃப் பண்ணிட்டியா?" என்று தினமும் குரல் கொடுப்பார். கரண்டு பில்லுக்குப் பயந்த கஞ்சன் என்று நான் முணுமுணுப்பேன். கீசருக்கு அவ்வளவு கவனமாக இருக்கிறவர் பிரேக் விஷயத்தில் ஏன் இப்படி இருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். கம்பெனியில் சொல்லி வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லலாம் என்று பார்த்தால், வண்டி அவர் பெயரில் இருப்பதால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும் என்றார்கள். கடைசியில் அவர் ஆபீஸ் பஸ்ஸில் போன ஒருநாள், நான் லீவு போட்டுவிட்டு நானே வண்டியை எடுத்துவிட்டேன்.

பெங்களூர் ரோட்டில் இடது ஓரமாக, எல்லா விளக்கும் பளிச் பளிச்சென்று எரிய, நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே கொன்றார்கள். ஜூஜுவாடியில் ஒரு டெம்போ டிரைவர் பக்கத்தில் வந்து, "அக்கா, இந்த வண்டிய தள்ளிக்கினே போயிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கென்ன! ஒரு இடத்தில் பெடல் மறுபடியும் கல்லாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி, ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. இளநீர்க்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, "ஏம்மா, மயக்கமா?" என்று கேட்டார். ஒரு இளநீர் வெட்டச் சொன்னேன். இந்தப் பெடலை நம்பித்தானே என் கணவர் தினமும் போய்வந்தார்!

சர்வீஸில் வண்டியைப் பார்த்த அட்வைசர் இளைஞர், பொறுமையானவர். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, பானெட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார்.

"மேடம், இன்ஜின்லருந்து பிரேக் பூஸ்டருக்குப் போற பைப் இது. இந்தக் காத்து இழுப்பு இருந்தாத்தான் பெடல் லேசா இருக்கும். இத நடுவுல வெட்டி, ஒரு டி-ஜாயின்ட் போட்டு, உள்ள இருக்கிற அந்த ரவுண்டு மீட்டருக்கு டியூப் இழுத்திருக்காங்க. ஜாயின்ட்ல காத்து கசியுது. அதான் பெடல் இறுகிப்போவுது."

"அந்தப் பெங்களூர்க்காரன் வேலை" என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த ஜாயின்டின் மேல் மஞ்சள் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி மடித்து விடப்பட்டிருந்தது.

"கம்ப்யூட்டர் எல்லாம் செக் பண்ணிட்டோம், யாரும் கைவெக்கல" என்றார் அட்வைசர். "இந்தப் பைப்பும் அதோட வால்வும் வாரண்டில வராது, வெளியில வெட்டினதால. மத்தபடி இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

இது எனக்கே தெரிந்த சட்டம்தானே, அன்றைக்கு மிரட்டத்தான் ஒரு ஸ்க்ரூ என்று கூட்டிச் சொன்னேன்! கைவைத்த இடத்துக்கும் அதனால் கெட்டதற்கும்தான் வாரண்டி போகும். என் கணவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பேனே.

போன் செய்து வரச்சொன்னேன். பஸ் பிடித்து வந்தார். கஸ்டமர்கள் உட்காருகிற அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது பேட்டரி மீட்டர் இல்ல, டர்போ பிரஷர் காட்டுற மீட்டர், இன்ஜினுக்குள்ள காத்து எவ்ளோ ஏறுதுன்னு. ரொம்ப நாள் ஆசை" என்றார்.

"ஆசைப்பட்டு மாட்டுனீங்க, செரி. லாரிக்கு அடியில போவ இருந்தோமே, அப்பவாவது சொல்ல வேண்டாமா?"

அவர் மெதுவாகச் சொன்னார்:

"அப்பத்தான் சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். நீ என்ன சொல்வேன்னு தெரியும். பிரேக்க எப்படியாச்சும் சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. மிதியின் மேல் எழுந்து நின்ற அந்த நேரத்திலும் இந்த மனிதர் லாரிக்குப் பயப்படவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத்தான் பயந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று தோன்றியது.

"வேற என்ன சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீசருக்கு நான் போட்ட வயரு" என்றார். "சுவிட்ச் ஆன்ல இருக்கறப்ப குழாயத் தொட்டா சுர்ருங்குது. ரெண்டு மூணு மாசமா."

பாத்ரூமுக்கு வெளியே தினமும் கேட்கிற அந்தக் குரல் என் காதில் வந்தது. முந்தின நாள் காலை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று, "ஆஃப் பண்ணிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் நான் குளித்தேன். வாளியில் தண்ணீர் ஏற்கனவே நிறைந்திருந்ததால் குழாயைத் தொடவில்லை.

"ரிஜெக்ட்" என்ற அந்தப் பழைய சொல்லுக்கு என் வாய் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செரிங்க" என்றேன். "எலக்ட்ரீஷியனக் கூப்பிடலாம். இப்பவே போன் பண்ணுங்க."