லோகநாதனின் ரசப் பரீட்சை

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருத் தென்னைகள் அத்தனையும் லோகநாதனைத்தான் நம்பியிருந்தன. இடுப்பில் அரிவாள், காலில் மாட்டத் தளைக்கயிறு, அவ்வளவுதான். பாட்டுப் பாடிக்கொண்டே உச்சிக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் எண்பத்தேழாம் வருஷம் என் வீட்டு மதில் சுவரிலிருந்து குதித்து விழுந்தார். மரத்திலிருந்து விழுந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்!

முழங்கை கல்லில் இடித்தது. வீக்கம் வடிந்த பிறகும் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முழங்கை ஓரம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது, மெல்லத்தான் சரியாகும், விரல்கள் சேர்ந்து இறுகும்வரை மரத்தின் பக்கமே போகக் கூடாது என்று தாம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே லோகநாதனின் மனைவி பட்டு அந்தத் தளைக்கயிற்றைக் கொண்டுவந்து என் வீட்டுப் பரண்மேல் போட்டாள்.

"டீச்சர், அந்த ஆளு கால்ல வுழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

விரல்கள் சேர்ந்துவிட்டனவா என்று பார்க்க அவளே ஒரு பரீட்சை வைத்திருந்தாள். ரசம் சோறு. பிசைந்து அள்ளினால், விலகி நிற்கும் சுண்டு விரல் பக்கமாக ரசம் ஒழுகி முழங்கைவரை ஓடும். நம் ஆள் லேசுப்பட்டவரா? தயிர்ச்சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டிக் காட்டுவார்.

"பாத்துக்கோ, ஒரு சொட்டு சிந்தல. கயித்த வாங்கினு வா."

"ரசத்த ஊத்திக்கினு அப்பால சொல்லு" என்பாள் பட்டு.

ஏழெட்டு மாதம் தரையிலேயே நடந்தார். பாட்டும் நின்றுவிட்டது. எந்தத் தென்னையைக் கடந்தாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு மனசே கேட்கவில்லை. கயிற்றைக் கொடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. பட்டுவுக்குப் பயந்து கொடுக்கவில்லை.

அப்புறம் அஸ்தினாபுரத்தில் பட்டுவின் அக்கா மகள் கல்யாணம் வந்தது. எனக்கும் பட்டுவுக்கும் எதிர் வரிசையில் லோகநாதன் உட்கார்ந்தார். இலையில் பாயசம் ஊற்றினார்கள். டம்ளர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பட்டுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் குவித்து அள்ளினார். சுண்டு விரல் சமர்த்தாகப் போய் மோதிர விரலோடு ஒட்டிக்கொண்டது. வாய்க்குப் போகும்வரை ஒரு சொட்டுகூட வழியவில்லை.

பட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "அண்ணா, அந்த இலைக்கு இன்னொரு கரண்டி ஊத்து!" என்று பரிமாறுகிறவரிடம் கத்தினாள். அதுவும் சிந்தாமல் உள்ளே போயிற்று. அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை, மறுபடி ஊற்றச் சொன்னாள். பந்தியே கைதட்டியது. பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மறு வாரம் டாக்டரும் விரல்களை இழுத்துப் பார்த்துச் சரி என்றார். பரணிலிருந்து கயிற்றை நானே இறக்கிக் கொடுத்தேன். என் வீட்டுத் தென்னையில்தான் முதலில் ஏறினார். பாதி மரத்திலேயே பாட்டு வந்துவிட்டது. பட்டு அண்ணாந்து பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பட்டு, இன்னிக்கு வூட்ல இன்னா சோறு?" உச்சியிலிருந்து குரல் வந்தது.

"ரசஞ்சோறுதான்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அவள் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் சிவந்துபோயிருந்தன.