மாப்பிள்ளை நாற்காலியும் சுள்ளெறும்புகளும்

ஆகஸ்ட் 11, ஞாயிறு. காலை ஆறு மணி. திண்டுக்கல் வீட்டின் பின்வாசலில் சுள்ளெறும்புப் புற்று ஒன்று காணப்பட்டது. எறும்புகள் செந்நிறம், ஒரே கூட்டத்தில் சிறியவையும் பெரியவையும். ஈர்க்குச்சியால் கிளறியதும் குச்சியின் மேல் ஏறின. இரண்டு பாத்திரம் கொதிநீர் ஊற்றப்பட்டது. அக்கா இறந்து இன்று பதினேழாம் நாள்.

கிளறினால் சிதறி ஓடுவது பிள்ளையார் எறும்பு. ஏறிவந்து கடிப்பது சுள்ளெறும்பு. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஆயினும் பிள்ளையார் எறும்பைக் கொல்ல அம்மா ஒருநாளும் விட்டதில்லை. சுள்ளெறும்புக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது. வெயில் ஏறுமுன், அவை மேல்மண்ணில் இருக்கும்போதே, கொதிநீர் ஊற்றிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, எனக்கு ஒன்பது வயது. வேடசந்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வேலைக்குப் போகும் மருமகள் அவர்களுக்கு வேண்டாம். அப்பா தலையாட்டிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை.

வேப்பமரத்தடிப் புற்றை விடியலில் ஒழிப்பது என் பொறுப்பு. நான் தூங்கிவிட்டேன். வெயில் ஏறியபின் ஊற்றியதில் மேலே திரிந்தவை மட்டுமே செத்தன. மதியம் மரத்தடிக்கு நாற்காலி தூக்கிவந்த அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அங்கிட்டுப் போடாத! சுள்ளெறும்பு இன்னும் சாகல."

"வாய மூடுலே. மாப்பிள்ளைக்கு அங்கிட்டுத்தான் நெழலு."

அவள் நாற்காலியை ஓரங்குலமும் நகர்த்தவில்லை.

சுள்ளெறும்பு ஏறுவது தெரியாது. ஏறி முடித்தபின் எல்லாம் சேர்ந்து கடிக்கும். மாப்பிள்ளை கேசரியை வாயருகே கொண்டுபோன கணத்தில் துள்ளி எழுந்து, பெரியவர்கள் முன்னிலையில், வேட்டியை உதறிக்கொண்டு ஆடினார்.

"பொண்ணுப் பாக்க வந்தவுகளை எறும்புப் புத்துல ஒக்கார வச்சிருக்கீகளே! எந்திரிங்க எல்லாரும், போவோம்" என்றார் அவருடைய தாயார்.

அப்பா கொய்யா விளாறை எடுத்தார். "ஒரு வேல சொன்னா உருப்படியாச் செய்யமாட்டியாலே?" நான் அடிவாங்கி முடியும்வரை அக்கா அடுக்களை வாசலில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மாலையில் என் காலில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, ஒரு தட்டு நிறையக் கேசரியை நீட்டினாள். "தின்னுலே. மாப்பிள்ளை வீட்டுப் பங்கும் ஒனக்குத்தான்."

சம்பந்தம் முறிந்ததில் அவள் மனம் உடைந்திருப்பாள் என்று எண்ணினேன். "கவலப்படாதக்கா. வேற நல்ல மாப்பிள்ளை வருவாரு" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் நெடுநேரம் குலுங்கின. அவள் அழுததாகவே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

செய்யாமல் விட்டவை:

அவளிடம் படித்தவர்களில் வெளியூரில் இருப்போருக்குத் தகவல் சொல்வது.

கல்லறைப் பலகையில் பெயருக்குப் பின்னால் 'ஆசிரியை' என்று பொறிக்கச் சொல்வது.

அந்த மதியத்தைப் பற்றி அவளோடு ஒருமுறை பேசிச் சிரிப்பது.