நாலாவது முறை இறக்கிய ஆக்சில்

பழைய அம்பாசிடரின் பின்பக்க ஆக்சிலை மூன்றாவது முறையாக ஏற்றி முடித்தபோது தீர்த்தகிரிக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று. அறுபதை நெருங்கும் வயதில் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தால் இடுப்பு சும்மா விடுமா? பாப்பாரப்பட்டியில் பட்டறை போட்ட நாளிலிருந்து எந்த வண்டியும் அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை.

வண்டி சந்திரமோகனுடையது. அப்பா ஓட்டிய அந்தக் காரில்தான் மகளைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆக்சிலுக்குள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் பல் தேய்ந்து போயிருந்தன. தீர்த்தகிரி சேலத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து மாற்று ஜோடி பிடித்து வந்தார். பேரிங், சீல் எல்லாம் புதுசு. பல்லும் பல்லும் சரியாகத் தொடுகிறதா என்று பார்க்க அவருக்கென்று ஒரு வழி உண்டு. மனைவி சாலம்மாளின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பல்லில் பூசி, கையால் சுற்றுவார். பல்லின் நடுவில் சிவப்பு அழிந்தால் சரி. அப்புறம் ரோட்டில் ஓட்டுவார். கடைசித் தீர்ப்பு காதுதான்.

அவர் ஓட்டினால் வண்டி சத்தமே இல்லாமல் போனது. சந்திரமோகன் ஓட்டினால் பின்னால் கீய்ங்கென்று கத்துகிறதாம். இறக்கி ஏற்றினார். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. இந்த முறையும் கத்தினால் வண்டியைச் சேலத்துக்குக் கட்டி இழுத்துப் போய்விடுவதாகச் சந்திரமோகன் சொல்லிவிட்டார். அது நடந்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? அந்த மனுஷனுக்குக் காதில் கோளாறு என்று தீர்த்தகிரி டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியும் வைத்தார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகள் தேவிப்பிரியா தானாகப் பார்த்த பையனைக் கட்டியபோது இவர் குதித்தார். சாலம்மாள் மகள் பக்கம் நின்றாள். இவருடைய கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அவள்தான் இரண்டு வருஷமாகச் சோற்றை வைத்துவிட்டு வாய் திறக்காமல் போகிறாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

அன்று காலை சாலம்மாள் தர்மபுரி பஸ்ஸைத் தவறவிட்டு நின்றாள். ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய தீர்த்தகிரி, ஏறு என்று தலையாட்டினார். அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் தாண்டி வேகம் பிடித்ததும் தோளில் கை விழுந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"எத்தன வாட்டி கூப்புடறது? இந்தச் சத்தம் காதக் கிழிக்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"எந்தச் சத்தம்?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் மறுபடி ஓட்ட, அவள் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தாள். வேகம் எடுத்தால் கத்துகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. தீர்த்தகிரிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். ஆண்களின் கட்டைக் குரல் கேட்கிறது, லாரி கேட்கிறது. கீச்சென்ற சத்தங்களும் தள்ளியிருந்து வரும் பெண்குரலும்தான் அவருக்குத் தெரியாமலே கழன்று போயிருந்தன. சந்திரமோகனைப் பற்றி டீக்கடையில் பேசியதை நினைத்துக் கூசிப்போனார்.

சாலம்மாள் முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். அவர் காதோரமாகக் கேட்டாள்.

"அப்ப அடுப்படியிலருந்து நான் கூப்புட்டதெல்லாம்?"

"கேக்கல சாலம்மா. நீதான் பேச்ச நிறுத்திட்டேன்னு நெனச்சேன்."

"வீம்புக்குத் திரும்பாம இருக்கீங்கன்னு நெனச்சேன். கூப்புட்டுக் கூப்புட்டு அலுத்துப்போயி வுட்டுட்டேன்."

ஆக்சில் நாலாவது முறையாக இறங்கியது. சாலம்மாள் சொன்னதை வைத்துப் பார்த்தால், கையால் சுற்றும்போது ஒழுங்காக இருந்த பல், இஞ்சின் இழுக்கும்போது விலகியிருக்கிறது. பினியனுக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகட்டை மாற்றிப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மறுபடி ஓட்டியபோது சாலம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். கத்துகிறதா என்று கேட்டார். அவள் முதலில் தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகுதான் பேசினாள்.

"இல்லீங்க. நல்லா ஓடுது."

அவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பி, வண்டியைச் சந்திரமோகன் வீட்டுக்குத் திருப்பினார்.