முனியாண்டிக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன்

என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு வாரமாகத் தினமும் காலையில் சாமி விளக்கின் முன்னால் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறாள். "என்ன கண்ணு கேக்கறே?" என்றேன். "சொன்னா நடக்காதுலா" என்றாள். வேறொரு அம்மா என்றால் பிள்ளையை வாரி அணைத்திருப்பாள். நான் அவளை விளக்கின் முன்னாலிருந்து இழுத்து நகர்த்தினேன். அன்றைக்கென்று பார்த்து, நான் வேலைக்குப் போகும் பஸ் கோலா தெர்லா என்ற மலையூரைத் தாண்டும்போது காய்கறித் தோட்டத்தில் யாரோ மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை ஜன்னல் வழியாக வந்தது. என் அம்மாவின் கைலியிலிருந்து வந்த அதே வாடை.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையில் ஒன்றான எங்கள் வீடு பூட்டியே கிடக்கும். பள்ளி மத்தியானத்தோடு விட்டுவிடும். அம்மா கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து வர மணி ஐந்தாகும். அப்பா தேயிலை ஃபேக்டரியில், வர இருட்டிவிடும். மழையும் பனியுமாக இருக்கும் வாசலில் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுச் சரசுவின் அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். மழை வருவதற்குள் மருந்தடித்து முடிக்க வேண்டும் என்பதால் ஒரு மணிக்கே வீட்டில் இருப்பாள். சரசு வீட்டு மத்திமீன் பொரிக்கும் வாசம் சுவரைத் தாண்டி வரும். சரசு வேண்டுமென்றே வாசலுக்குத் தட்டைக் கொண்டுவந்து சாப்பிடுவாள். "ஒங்கம்மா இன்னும் வரலியா?" என்று வேறு கேட்பாள்.

தேயிலை லாரி திரும்பும் வளைவில் ஒரு கல்லும் சூலமும் உண்டு. அதுதான் எங்கள் முனியாண்டி. பெரியவர்கள் ஆடி மாதம் கிடா வெட்டுவார்கள். பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம்: உனக்கு ரொம்பப் பிடித்ததைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கலாம். முனியாண்டிக்கு முன்னால் பூ வைக்க, வாயை வெட்டிய மருந்து டின் ஒன்று இருந்தது. அதன் மேல் மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்டிருக்கும். அதுதான் முனியாண்டியின் போட்டோ என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சில வருஷம் சிரித்திருக்கிறேன்.

அப்பா ஈப்போ டவுனிலிருந்து வாங்கி வந்த சிவப்பு ரிப்பனைச் சூலத்தில் கட்டினேன். "சாமி, எங்கம்மாவ மருந்தடிக்கப் போட்டுடு" என்று கேட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை, கங்காணி வாசலில் வந்து நின்றார். "பார்வதி, நாளையிலேருந்து மருந்துக்கு வந்துடு. ரெண்டு பேரு நின்னுட்டாங்க." அந்த இரண்டு பேரும் ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தயங்கினாள். "எனக்கு அந்த வாடையே ஒத்துக்காது கங்காணி." நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தேன். "போம்மா. அதுல சாமி படம் போட்டிருக்கு. ஒன்னும் செய்யாது."

கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். "பாரு, ஒம் மவளுக்கே தெரியுது." அம்மாவும் சிரித்துவிட்டாள். மறுநாள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மணிக்குச் சுடுசோறு கிடைத்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரசு வீட்டு வாசலில் நான் போய் நின்று சாப்பிட்டேன். குளித்து முடிக்கும்வரை அம்மா என்னைத் தொட விடமாட்டாள். அது மட்டும்தான் குறை. பிறகு அவள் நகங்கள் கறுத்து விழுந்தன. மூக்கில் ரத்தம் வந்தது. கண் எரிந்து மங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, நன்றாகத் தூங்கச் சொன்னார். மூன்றாவது வருஷம் அரிசியில் கல் பொறுக்க அம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

வேண்டியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று முனியாண்டியிடம் ஓடினேன். ரிப்பன் வெளுத்திருந்தது. மழையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். வீட்டில் அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்து, "அட, தொலஞ்ச ரிப்பனாடி? எங்க கெடச்சுச்சு?" என்று ஆசையாக என் தலையில் கட்டிவிட்டாள். பின்னலைத் தேடித் தேடிக் கட்டினாள்.  நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேரும்வரை அதை எங்கே கட்டியிருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிறகு அந்த டின்னில் எழுதியிருந்ததை வாசித்தேன். விஷம். வாசிக்கத் தெரிந்த தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் 'போம்மா' என்று சொன்னது அவர்கள் இல்லையே. இரண்டு பேர் நின்ற இடத்தில் அம்மாவை எப்படியும் போட்டிருப்பார்கள் என்று சில நாள் தேற்றிக்கொள்வேன். சில நாள் முடியாது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். லாரிகளுக்காக வளைவை அகலப்படுத்திவிட்டார்கள். கல்லும் சூலமும் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. லயமும் இல்லை. மருந்தடிக்க இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ.

நேற்று மகளிடம் மறுபடியும் கேட்டேன். கெஞ்சிக் கேட்டதில் சொல்லிவிட்டாள். "நீ வேலைக்குப் போவாம வீட்லயே இருக்கணும்னு."

"அதெல்லாம் சாமிகிட்ட கேக்காத கண்ணு. எங்கிட்ட கேளு."

"சாமிகிட்ட கேட்டாச்சேம்மா. என் செவப்பு கிளிப்பைக்கூடக் குடுத்துட்டேன்."

பிடித்ததைக் கொடுத்துக் கேட்கும் இந்தச் சட்டத்தை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கிளிப்பை எங்கே வைத்தாள் என்று கேட்டால் அதையும் சொல்லமாட்டேன் என்கிறாள். கடித்தாவது அவிழ்க்கலாம் என்றால், இந்த முறை முடிச்சும் இல்லை, சூலமும் இல்லை.