ஏற்காடு பஸ்ஸில் ஒரு ஃப்யூஷன் கேசட்

சங்கீதத்தில் எனக்குத் தெரியாததே இல்லை என்று இந்தப் பக்கத்தில் அவ்வப்போது அளந்துவிடுவேன் அல்லவா? போன வாரம் வசமாக மாட்டினேன்.

ஏற்காடு ஏரிக்கரை லாட்ஜில் சாயங்காலங்களில் கிதார் வாசிக்கும் ரவி, முதல் கேசட் போட்டிருக்கிறார். ஜாஸும் நம்ம ராகங்களும் கலந்த ஃப்யூஷன். சேலத்துக் கடைக்காரரோ, "இது யாருக்குப் பிடிக்கும்னு சொல்லுங்க, வெச்சுக்கறேன்" என்று கேசட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இல்லேன்னா எல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான்," என்றார் ரவி.

நான் அந்தக் கேசட்டைக் கேட்டிருந்தேனா? எங்கே... பாதியில் தூங்கிவிட்டேன். "பிரமாதம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

பெட்டியோடு இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு என்றாலே எனக்கு வயிறு புரட்டும். ஜன்னலோர சீட், கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை - இதுதான் இசை விமர்சகரின் திருக்கோலம்.

ரவியைக் குஷிப்படுத்தலாமே என்று டிரைவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துப் போடச் சொன்னேன். கிதார் ஆரம்பித்தது. ஒரு வளைவு போனது, இன்னொன்றும் போனது.

"ஏனுங்க, பாட்டு எப்பங்க வரும்?" என்றார் ஆரஞ்சுக் கூடையோடு முன்சீட்டில் இருந்த அம்மா. "வெறும் மியூசிக்காவே போவுது."

"இருங்கம்மா, பாடறவரு இப்ப வந்துருவாரு," என்று கண்டக்டர் சமாதானம் சொன்னார்.

பஸ்ஸே காத்திருந்தது. கிதார் ஏறியது, இறங்கியது, இதோ முடிந்தது என்னும்போது வேறு பக்கம் திரும்பியது. அடுத்து எங்கே திரும்புமோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரவி மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. பாவமாக இருந்தது.

அடிவாரத்தில்தான் கவனித்தேன். என் பை காலி. பஸ்ஸில் ஒருத்தர்கூட வாந்தி எடுக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க, யாருக்குங்க இது?" என்றார் கடைக்காரர், சேலத்தில் கடைக்குள் நுழைந்ததுமே.

தயார் செய்து வைத்திருந்த பெரிய வார்த்தைகளெல்லாம் எங்கோ ஓடிவிட்டன. "மலை பஸ்ஸுல வாந்தி எடுக்கறவங்களுக்குங்க," என்றேன்.

ரவி என்னை முறைத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார். "எங்க ஊட்டுல அந்தத் தொந்தரவு நொம்பங்க," என்று தனக்கொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை முன்வரிசையில் அடுக்கினார்.

திரும்பும்போதும் அதே பஸ். அதே கிதார் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் கேசட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"இருங்க சார். பாட்டு ஆரம்பிக்கட்டும், கேட்டுப்போட்டுத் தர்றேன்."