பங்களாவில் மாட்டிய பேயாண்டி

திருமங்கலத்துப் பேயாண்டிக்கு ஊர் வைத்த பெயர் புளுகாண்டி. அவன் செய்த குற்றம் ஒன்றுதான். மதுரை தல்லாகுளத்தில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தபோது, துரைசானி தன்னை நிற்கவைத்துப் படம் வரைந்தாள் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னான்.

கிணற்றடியில் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு அவள் சுற்றிச் சுற்றி வந்தாளாம். இவன் தினமும் மீசைக்கு விளக்கெண்ணெய் தடவி, முறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றானாம். படத்தைக் கண்ணில் காட்டாமலே துரை குடும்பம் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டது.

பாழாய்க் கிடந்த அந்த பங்களாவை முப்பத்தெட்டாம் வருஷத்தில் பழுதுபார்த்துச் சித்திரசாலையாகத் திறந்தார்கள். துரைசானி விட்டுப்போன படங்களும் அங்கே மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் பேயாண்டி பஸ் ஏறினான். கூடவே மனைவி ஒச்சாயியும், புளுகாண்டிப் பட்டத்தை முதன்முதலில் சூட்டிய அவள் தம்பி சோணையும் ஏறினார்கள். வழியெல்லாம் அக்காவும் தம்பியும் ஒரே சிரிப்பு. படம் மட்டும் இல்லையென்றால் செத்தாலும் அந்தப் பெயர் தன்னை விடாது என்று பேயாண்டிக்குத் தெரியும்.

முதல் அறையில் ஒரு வெள்ளைக்காரி அரைகுறைத் துணியோடு சாய்ந்திருந்தாள்.

"மேலுக்குப் போட ஒரு துணிக்கு வக்கில்ல, இம்புட்டுப் பெரிய பங்களா என்னத்துக்கு?" என்றாள் ஒச்சாயி.

பேயாண்டி மீசையுள்ள ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்று பார்த்தான். ராஜாக்கள், பட்டாளத்துக்காரர்கள், ஒரு பூனை. அவனைக் காணோம்.

கடைசி அறையில் ஒரு படத்தில் அந்தக் கிணறு இருந்தது. கிணற்றைப் பார்த்தபடி ஒருவன் நின்றான். தெரிந்தது முதுகு மட்டும்தான். பேயாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை விளக்கெண்ணெயும் வீண்.

சோணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், எங்கப்பன் முதுகுன்னு நானுந்தான் சொல்லுவேன்!"

ஒச்சாயி சிரிக்கவில்லை. படத்தின் அருகே போய், இடது தோள் சற்றுத் தூக்கலாக இருந்த அந்த முதுகையே பார்த்தாள்.

"வாய மூடுடா. இது எம் புருசன்தான். ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்."

"எத வச்சுக்கா சொல்ற?"

"கட்டிக்கிட்டதுலருந்து இந்த மனுசன் கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போறதே பொழப்பா இருக்கு. வாசல்ல நின்னு, தெரு முக்குத் திரும்புற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருந்தது இந்த முதுகத்தானடா? மூஞ்சியப் போட்டிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

பேயாண்டிக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. அவள் வாசல்வரை வந்து நிற்பாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். ஒருதரம்கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை.